எண்பது மணி நேரம்

ஸ்டோர்க்காரருக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கையெழுத்து. பதினெட்டாவது மாதக் கையெழுத்து.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு மாதம்கூட விட்டுப்போகாமல் பதினெட்டு மாதம் வேலையில்லாதவராகப் பதிவில் இருந்துவிட்டால் ஒரு சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டோடு வருகிறவரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு, முதல் வருடம் பாதிச் சம்பளத்தை அரசாங்கமே கொடுத்துவிடும். ஐம்பத்து நாலு வயது ஆளை வேறு எப்படித்தான் விற்பது? தள்ளுபடி போட்டுத்தான்.

வாங்குவதற்கும் ஆள் இருந்தார். ஸ்டோர்க்காரரின் மைத்துனன் லாரியில் சரக்கேற்றும் வேலை பார்க்கிற குளிர்பதனக் கிடங்கின் மேனேஜர். "சீட்டோட வந்தா திங்கக்கிழமையே சேந்துக்கட்டும். சீட்டு இல்லாம வந்தா, இருபத்தஞ்சு வயசுப் பசங்க கேட்டுக்கு வெளிய வரிசையில நிக்கறாங்க" என்று அவர் மைத்துனனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஸ்டோர்க்காரரின் மனைவி அவருக்காக இரண்டு ஸ்வெட்டர்கூட வாங்கி வைத்துவிட்டாள். உள்ளே எப்போதும் பல் கிட்டிக்கும் குளிராம்.

வேலை போன பிறகும் ஸ்டோர்க்காரர் என்ற பெயர் மட்டும் போகவில்லை. இருபத்தாறு வருடம் டயர் ட்யூப் கம்பெனியின் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருந்தவர். இண்டென்ட், அதாவது பொருள் கேட்டு எழுதித் தரும் படிவம், இல்லாமல் ஒரு துடைப்பக்குச்சியைக்கூட வெளியே விட்டதில்லை. முதலாளியே வந்து பல்பு கேட்டபோதும், "இண்டென்ட் எங்க சார்?" என்று கேட்ட வாய். கம்பெனியை மூடிய அன்று எல்லோரும் கேட் பக்கம் நின்று கத்திக்கொண்டிருக்க, இவர் மட்டும் உள்ளே உட்கார்ந்து நூற்றுப் பத்துப் பேருக்கும் கணக்கு முடிக்கும் படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார். கத்துகிறவர்கள் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட மனிதரைக் கொண்டுபோய் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்தில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? பக்கத்தில் இருப்பவர் வேலையில் சேர்ந்த தேதிக் கட்டத்தில் பிறந்த தேதியை எழுதுகிறார். பிறந்த அன்றே வெல்டராகச் சேர்ந்திருக்கிறார் மனிதர்! ஸ்டோர்க்காரருக்குக் கை அரித்தது. முதல் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். இரண்டாம் மாதம், "கொஞ்சம் குடுங்க சார் இப்படி" என்று வாங்கிவிட்டார்.

அவ்வளவுதான். மூன்றாவது பெஞ்சு அவருடையதாகிவிட்டது. உள்ளே வருகிறவர்கள் கவுண்டருக்குப் போவதற்கு முன் அவரைத்தான் தேடினார்கள். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை ஆள் மாற்றி ஆள். காசு கொடுக்க வந்தவர்களை அவர் திட்டி அனுப்பினார்.

"வேலையில்லாத ஆளு எட்டரைக்கு டாண்ணு ஷேவ் பண்ணிக் கிளம்பறது நம்ம வீட்லதான் நடக்கும்" என்பாள் மனைவி.

"என்ன பண்றது? வேலை இருந்தப்பகூட எனக்கு இவ்ளோ வேலை இல்ல" என்பார் இவர்.

மூன்று வாரத்துக்கு முன் அதே அலுவலகத்தின் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். 'உதவியாளர், ஒரு பணியிடம்.' பதிவில் இருக்கிறவர்கள் விண்ணப்பிக்கலாம். ஸ்டோர்க்காரர் அதை இரண்டு தடவை படித்தார். வீட்டுக்கு வந்து மைத்துனனிடம் மெல்லப் பேச்செடுத்துப் பார்த்தார்.

"மாமா, உங்களுக்கு எதாவது ஆயிடுச்சா?" என்றான் அவன். "கரை தெரியிற நேரத்துல படகை விட்டுக் குதிக்கறேங்கறீங்க. அது டெம்பரவரி போஸ்டு. நடுவுல எதையாவது தொட்டு பதிவு அறுந்துபோச்சுன்னா மேனேஜர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? இன்னும் மூணு வாரம் மூச்சு விடாம உக்காருங்க."

"மூச்சுகூடவா மாப்ள?"

"விடுங்க. சத்தம் போடாம விடுங்க."

மறுநாள் அந்தப் பணியிடத்துக்கான படிவத்தோடு மூன்றாவது பெஞ்சுக்கு வந்தவள் கண்ணாடிக்கடைக்காரி. அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையை மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஒரு நிமிஷம் ஸ்டோர்க்காரருக்கு நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. பிறகு பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

"கடையில என்னம்மா பண்ணீங்க?"

"கண்ணாடி துடைப்பேண்ணா. கூட்டம் இருந்தா டோக்கன் குடுப்பேன்."

அவர் எழுதினார்: 'பார்வைக் குறைபாடுள்ள பொதுமக்களைப் பொறுமையுடன் வரவேற்று வழிநடத்திய ஒன்பதாண்டு அனுபவம்.'

அவள் வாங்கிப் படித்தாள். "இது யாருண்ணா?"

"நீங்கதான். எழுத்துல பாத்தா எல்லாருமே அழகாத்தான் இருப்போம். என் ஃபாரத்தைப் படிச்சா எனக்கே என்னை வேலைக்கு வெச்சுக்கணும்போல இருக்கும்."

அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. நேற்றுதான் சேர்ந்தாள். நேற்று ஸ்டோர்க்காரர் கண் டாக்டரிடம் போயிருந்ததால் பார்க்கவில்லை.

இன்று காலை இரண்டாம் எண் அறைக்குள் அவர் நுழைந்தபோது, மாதாமாதம் கையெழுத்து வாங்கும் ஆலோசகர் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். பதினெட்டு மாதத்தில் முதல் தடவை. நல்ல மனுஷி. வருகிறவர்கள் அழுதால் தன் கைக்குட்டையைக் கொடுக்கிற ரகம்.

"உக்காருங்க சார். உங்களைப் பத்தி நான் ரொம்ப நல்லபடியா எழுதியிருந்தேன்" என்றார். குரல் சரியில்லை.

"எங்க மேடம்?"

"தலைமை அலுவலகத்துல, பயனாளிகள்ல ஒருத்தரைப் பத்தி ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னாங்க. நான் உங்களைத்தான் எழுதினேன். தினமும் காலைல ஒம்போதுக்கு வர்றார், ஒரு மணி வரைக்கும் எல்லாருக்கும் ஃபாரம் எழுதிக் குடுக்கறார், ஒத்த பைசா வாங்கறதில்லன்னு."

"அய்யய்யோ, எதுக்கு மேடம் அதெல்லாம்..." ஸ்டோர்க்காரருக்குக் காது சிவந்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ கேட்பார்களோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஆலோசகர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். படிவம் படிப்பதில் ஸ்டோர்க்காரர் கெட்டிக்காரர். ஆனாலும் மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. மேற்படி நபர் நாள் ஒன்றுக்கு நான்கு மணி நேரம், மாதத்துக்கு இருபது நாள், ஆக எண்பது மணி நேரம் பணியாற்றி வருவது தங்கள் குறிப்பிலிருந்தே தெரிய வருகிறது. மாதம் நாற்பது மணி நேரத்துக்கு மேல் பணியாற்றுகிறவர் வேலையில்லாதவர் ஆகமாட்டார். பதிவு இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது.

"சம்பளம் இல்லையே மேடம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன் சார். விதியில 'பணி'ன்னுதான் இருக்காம். சம்பளம்ங்கற வார்த்தையே இல்லையாம்."

"சும்மா உக்காந்திருந்தா?"

ஆலோசகர் மேஜையைப் பார்த்தார். "சும்மா உக்காந்திருந்தா சீட்டு குடுத்திருப்பேன்."

ஸ்டோர்க்காரர் சிரித்துவிட்டார். அது சிரிப்பாக வெளியே வரவில்லை, விக்கலாக வந்தது. "சரி மேடம், நான் செஞ்சது வேலைதான்னு அவங்களே சொல்லிட்டாங்கல்ல. அப்ப அந்த வேலையையே எனக்குக் குடுத்துடச் சொல்லுங்களேன்."

"அதுக்குத்தான் சார் அந்த உதவியாளர் போஸ்ட் போட்டாங்க." ஆலோசகரின் கண் நிறைந்துவிட்டது. "நான் எழுதினதைப் படிச்சுட்டுத்தான், இங்க இப்படி ஒரு ஆள் தேவைன்னு சாங்ஷன் பண்ணாங்க. நீங்க ஏன் சார் அப்ளை பண்ணல?"

அவர் பதில் சொல்வதற்குள் கைக்குட்டை நீண்டது. ஸ்டோர்க்காரர் அழவில்லை. கைக்குட்டையை வாங்கி ஆலோசகரிடமே திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மாவுக்குத்தான் அது தேவைப்பட்டது.

மேல்முறையீடு செய்யலாமாம். தொண்ணூறு நாளில் பதில் வருமாம். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

வராந்தாவுக்கு வந்து மைத்துனனுக்கு போன் போட்டார். நடந்ததையெல்லாம் சொன்னார். அவன் பக்கம் லாரி பின்னால் வரும் பீப் சத்தம் கேட்டது.

"உங்களை யாரு மாமா எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"ஊருக்கெல்லாம் எழுதிக் கிழிச்சீங்களே, அவங்கள்ல ஒருத்தன் வருவானா இப்ப? நான் அக்காகிட்ட என்ன சொல்றது?"

"நீ சொல்லாத. நானே சொல்லிக்கறேன். மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை..."

"கேட்டுப் பாத்துட்டுக் கூப்பிடறேன்."

நாலு நிமிஷத்தில் கூப்பிட்டான். மேனேஜர் ஏற்கனவே ஒரு பையனைக் கை காட்டி வைத்திருந்தாராம். மாமா வராவிட்டால் இருக்கட்டும் என்று. "அந்த ஸ்வெட்டரை பில்லோட வெச்சிருக்கச் சொல்லுங்க, மாத்திக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. அவமானம் அவனுக்கும்தானே.

இனிச் செய்ய ஒன்றுதான் இருந்தது. மறுபடி பதிவு செய்துகொள்வது. ஸ்டோர்க்காரர் டோக்கன் எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். மூன்றாவது பெஞ்சுக்கு மேலே புதுப் பலகை: 'பொதுமக்கள் ஒருவருக்கொருவர் படிவம் பூர்த்தி செய்தல் கூடாது. உதவி மேஜையை அணுகவும்.' அதன் கீழே அந்தப் பழைய வெல்டர் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இவரைப் பார்த்து முகம் மலர்ந்தார். ஸ்டோர்க்காரர் பலகையைக் காட்டினார். வெல்டருக்கு முகம் விழுந்துவிட்டது. "நீங்களுமா?" என்பது போல் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

உதவி மேஜையில், கழுத்தில் புது அடையாள அட்டையோடு கண்ணாடிக்கடைக்காரி. அவரைப் பார்த்ததும் எழுந்து, உடனே சுற்றுமுற்றும் பார்த்து உட்கார்ந்தாள்.

"அண்ணா! நேத்தெல்லாம் தேடினேன். உங்களாலதாண்ணா இந்த நாற்காலி."

"தெரியும்மா" என்றார் ஸ்டோர்க்காரர். வேறு என்ன சொல்வது? மறுபதிவுப் படிவத்தை நீட்டினார்.

அவள் ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துத் தட்டச்சு செய்தாள். எட்டாவதில் விரல் நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணா, பழைய பதிவு ரத்தான காரணம்னு கேக்குது. நம்பர் போடணும். எந்த நம்பர்?"

"நாலு."

"நாலுன்னா... 'வேலையில் இருந்தார்.' அண்ணா, நீங்க வேலையில இல்லையே?"

"இருந்தேனாம்மா. நல்லாவும் செஞ்சேனாம். மேடம் எழுத்துலயே குடுத்திருக்காங்க."

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. நாலைத் தட்டினாள். இயந்திரம் ஒரு அட்டையைத் துப்பியது: 'பதிவு மாதம்: 1.' அதை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணாடி போட்டுப் பார்க்க வந்த வாடிக்கையாளரிடம் கொடுப்பதுபோலப் பக்குவமாகக் கொடுத்தாள்.

"கவலப்படாதீங்கண்ணா. பதினெட்டு மாசம்தானே? ஓடிப் போயிடும். அப்புறம் அந்தச் சீட்டு உங்களுக்குத்தான்."

அந்தச் சீட்டுத் திட்டத்துக்கு வயது வரம்பு ஐம்பத்தைந்து. விதிப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில், அடிக்குறிப்பில் இருக்கிறது. பதினெட்டு மாதம் கழித்து அவருக்கு ஐம்பத்தைந்து தாண்டியிருக்கும். அந்தக் கூடத்தில் அதைப் படித்தவர் அவர் ஒருவர்தான். அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது நாள். முதன்முதலாக ஒருவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

"ஆமாம்மா. ஓடிப் போயிடும்" என்றார் ஸ்டோர்க்காரர். அடுத்த ஆளுக்கு வழிவிட்டு நகர்ந்தார்.