மூன்று சுற்று முடிச்சு

"ஆத்தா, நம்ம தம்பி மட்டும் ஏன் அழுகவே மாட்டேங்குறான்?" என்று தங்கப்பொண்ணு ஒருநாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது நிரம்பவில்லை.

மலையம்மாள் மடியில் கிடந்த துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்ல பிள்ளைக அழுகாது. நம்ம மருது நல்ல பிள்ளை" என்றாள். சொல்லிக்கொண்டே அடுத்த புள்ளியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கினாள். தாய் போகிறபோக்கில் சொல்லும் ஒரு வார்த்தை பிள்ளையின் மனத்தில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. அந்த வீட்டில் அரிசியைவிட அருமையாக இருந்தது நேரந்தான்.

யுத்தம் நடந்த காலம் அது. அவள் புருஷன் ஆண்டிச்சாமி எழுமலைப் பக்கம் கூலிக்கு உழுதவன். மழை பொய்த்த வருஷத்தில் பெண்டாட்டி பிள்ளையோடு டவுனை ஒட்டிய வில்லாபுரத்துக்கு வந்தான். பட்டாளத்துக்கு ரோடு போட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அஸ்ஸாமுக்கு ரயிலேறினான். இரண்டு கடுதாசி வந்தது. மூன்றாவது வரவில்லை. அவன் போன பிறகு பிறந்த மருதுவுக்கு இப்போது எட்டு மாசம்.

மலையம்மாளுக்குத் தெரிந்தது சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலை. டவுனிலிருந்து துணிக்காரர் வெள்ளைச் சேலைகளில் புள்ளி குறித்துக் கொண்டுவந்து கொடுப்பார். ஒவ்வொரு புள்ளியையும் கடுகு போலக் கிள்ளியெடுத்து நூலால் கட்ட வேண்டும். சாயத்தில் முக்கிப் பிரித்தால் கட்டிய இடமெல்லாம் வெள்ளை நட்சத்திரமாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. வெள்ளிக்கிழமை காலையில் துணிக்காரர் சைக்கிளில் வருவார். துணி முடியவில்லை என்றால் அதை வாங்கி வேறு வீட்டில் கொடுத்துவிடுவார். அந்த வீட்டுக்கு மறுபடி துணி கிடையாது. வாங்கிக்கொள்ள எத்தனையோ பெண்கள் காத்திருந்தார்கள்.

சுவரொட்டிய அடுத்த வீட்டு ஜெயினம்புவும் இதே வேலைதான் செய்தாள். அவள் புருஷன் சிக்கந்தர் ஜட்கா வண்டி ஓட்டினான். மூத்தவள் சாதிகாவோடு சேர்த்து மூன்று பிள்ளைகள்; நாலாவது வயிற்றில் ஆறு மாசம். மலையம்மாளும் அவளும் பகலில் வேப்பமர நிழலில் எதிரெதிரே உட்கார்ந்து கட்டுவார்கள்.

"ஏடி மலையம்மா, இதென்ன முடிச்சா, உளுந்த வடையா? எதுக்கு இம்புட்டு நூலு?" என்பாள் ஜெயினம்பு. மலையம்மாள் ஐந்து சுற்றுச் சுற்றுகிறவள். அவள் முடிச்சு கொழுத்திருக்கும்.

"ஒங்க முடிச்சு மட்டும் என்னவாம்க்கா? முப்பது நாளும் நோம்பு இருந்த மாதிரி காஞ்சு போயிக் கெடக்கு."

ஜெயினம்பு மூன்றே சுற்றுத்தான் சுற்றுவாள். ஆனால் கடைசிச் சுற்றை இடப்பக்கம் இழுத்து நகத்தால் ஒரு அழுத்து அழுத்துவாள். அந்த முடிச்சு சாயத்தொட்டியிலும் அவிழாது.

ஜெயினம்புவின் பிள்ளைகள் அழும், அடித்துக்கொள்ளும், நூல்கண்டை இழுத்துக்கொண்டு ஓடும். அவள் எழுந்து எழுந்து போய் வருவாள். மருது மட்டும் தூளியில் கிடந்தபடி கிடப்பான். காரணம் மலையம்மாள் வீட்டு விளக்கு மாடத்தில் ஒரு தகர டப்பாவில் இருந்தது. லைசென்ஸ் கடையில் வாங்கிய அபின். அதைக் கட்டைவிரல் நகத்தில் கொஞ்சமாய்க் கிள்ளி உருட்டித் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுத்தால் பிள்ளை பொழுதுக்கும் தூங்கும். முடிச்சு எடுக்க வளர்த்த நகந்தான் அதற்கும் உதவியது. அவள் மட்டுமா செய்தாள்? மில்லுக்குப் போகும் பெண்கள் பலர் வீட்டிலும் அதுதான் நடந்தது. ஒருவரும் அதைப் பாவமென்று எண்ணவில்லை. பசித்த வீட்டில் பாவமும் வழக்கமாகிவிடுகிறது.

ஜெயினம்பு ஒருதடவை சொல்லிப் பார்த்தாள். "வேணாம்டி. பிள்ளைன்னா அழுகத்தான் செய்யும்."

"ஒங்களுக்கென்னக்கா, அண்ணன் சாயங்காலமானா வீட்டுக்கு வாராரு" என்றாள் மலையம்மாள். ஜெயினம்பு அடுத்த புள்ளியைக் கிள்ளியெடுத்தாள்.

பங்குனி மாசம் ஒரு வியாழக்கிழமை. மறுநாள் கொடுக்க வேண்டிய சேலையில் முந்தானை முழுக்க மிச்சமிருந்தது. அன்றைக்கென்று பார்த்து ரேஷனில் அரிசி போடுகிறார்கள் என்று தெருவே ஓடியது. மலையம்மாள் மருதுவுக்கு வழக்கம்போலக் கொடுத்துத் தூளியில் போட்டுவிட்டு, மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பையோடு போனாள். வரிசை நகரவில்லை. உச்சிவெயிலில் கால் படி அரிசியோடு திரும்பினாள்.

தூளி அசையாமல் தொங்கியது. தூக்கினாள். பிள்ளையின் தலை ஈரத்துணி போலச் சரிந்தது. உதடு நாவல் பழம் தின்ற மாதிரி நீலம். மூச்சு வந்தது, அடுத்த மூச்சு வர வெகுநேரமாயிற்று.

அவள் போட்ட சத்தத்தில் ஜெயினம்பு மடியிலிருந்த துணியை அப்படியே உதறிவிட்டு ஓடி வந்தாள். தங்கப்பொண்ணு கதவோரம் நின்று சிரித்த முகத்தோடு சொன்னாள்: "தம்பி முழிச்சுக்கிட்டு அழுதான் ஆத்தா. நாந்தான் டப்பாவுலருந்து எடுத்துக் குடுத்து நல்ல பிள்ளையாக்குனேன்."

மலையம்மாள் ஓங்கிய கை அந்தப் பிஞ்சு முகத்தில் இறங்குவதற்குள் ஜெயினம்பு அதைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் மருதுவை வாங்கித் தோளில் போட்டாள். பிறகு பிள்ளையோடு குனிந்து தங்கப்பொண்ணின் கண்ணுக்கு நேரே பேசினாள்.

"எந்த டப்பா, அந்தத் தகர டப்பாவா? அடி கிறுக்கி, அதுல இருந்ததை எடுத்துத் தூரப் போட்டுட்டு நேத்தே நான் கருப்பட்டி அரிஞ்சு வச்சேன். நீ குடுத்தது கருப்பட்டிடி கண்ணு. தம்பிக்கு வெயில் அடிச்சுருச்சு, அம்புட்டுத்தான். நீ போயி சாதிகாகூட வெளாடு. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரோம்."

ஐந்து வேளையும் தொழுகிறவள். ஒரு முழம் நூல் அதிகமாய் வந்தால்கூடத் துணிக்காரரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவள். அவள் வாயிலிருந்து அந்தப் பொய் ஒரு இடத்திலும் தட்டாமல் வந்தது.

சிக்கந்தரின் ஜட்கா ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரி இரண்டரை மைல். மலையம்மாள் அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். பிள்ளையைச் சுமந்தது ஜெயினம்புதான். ஆறு மாச வயிற்றோடு, தார் உருகிய ரோட்டில், பிள்ளையின் உள்ளங்காலை அந்த நீண்ட நகத்தால் சுண்டிக்கொண்டே நடந்தாள். "தூங்காதடா ராசா. அழு. அழுடா, கேப்போம்" என்று வழியெல்லாம் கெஞ்சினாள். காப்பிக்கடை ஒன்றில் நின்று டிகாக்ஷன் கேட்டு வாங்கித் துணியில் நனைத்து அவன் நாக்கில் பிழிந்தாள். அவன் அழவில்லை. மூச்சு மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தாய் என்று கேட்டபோது மலையம்மாள் ஒளிக்கவில்லை. டாக்டர் திட்டியதை நின்று வாங்கிக்கொண்டாள். குழாய் விட்டுக் கழுவினார்கள், ஊசி போட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் மருது கண்ணைத் திறந்து, நரம்பு அறுந்தது போன்ற மெல்லிய குரலில் அழுதான். அந்த அழுகையைக் கேட்டு ஜெயினம்பு சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, நீங்க பொய் சொல்ல மாட்டீகளே" என்றாள் மலையம்மாள்.

"அது எனக்கும் என்னைப் படைச்சவனுக்கும் உள்ள விவகாரம். நீ தலையிடாதே" என்றாள் ஜெயினம்பு. "தம்பிய நான்தான் கொல்லப் பார்த்தேன்னு நெனச்சுக்கிட்டே அவ வளரணுமா? நீ எந்தக் காலத்துலயும் வாயத் தெறந்துராத."

அந்த வெள்ளிக்கிழமை துணிக்காரர் வந்தபோது இரண்டு வீட்டுச் சேலையும் முடியவில்லை. கோபித்துக்கொண்டார். இந்த ஒரு தடவைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெயினம்பு காரணம் சொல்லவில்லை. தெருவில் கேட்டவர்களிடமும் பிள்ளைக்கு வெயில் அடித்தது என்றே சொன்னாள்.

அபின் டப்பாவை மலையம்மாள் கண்மாயில் எறிந்தாள். அதன் பிறகு மருது ஒரு மாசம் ஓயாமல் அழுதான். உடம்பை முறுக்கி, பாலை மறுத்து, இரவும் பகலும் அழுதான். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் துணி என்று உட்கார்ந்தால் நாலு முடிச்சுக்கு ஒருதடவை எழ வேண்டியிருந்தது. மூன்று சேலை கட்டிய இடத்தில் ஒன்று கட்டினாள். கேப்பைக் கூழ் ஒரு வேளையாயிற்று. முள்ளுச் செடி போலக் கிடந்தது வாழ்க்கை. எந்தப் பக்கம் தொட்டாலும் குத்தியது. ஆனாலும் அந்த அழுகையைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஆனி மாசத்தில் ஜெயினம்புவுக்கு வலி கண்டது. பிறந்தது ஆண் பிள்ளை. அது அழவே இல்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தாள். வெகுநேரம் தட்டினாள்.

மறுநாள் மலையம்மாள் போய் அவள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். ராத்திரி முழுக்க நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அன்னைக்கு என் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அந்த வெயில்ல நடந்தீகளே, அதனாலயாக்கா?"

"குடுத்தவன் எடுத்துக்கிட்டான். அவன்கிட்ட நான் கேக்கல, நீ என்கிட்ட கேக்காத" என்றாள் ஜெயினம்பு. பிறகு, "வீட்டுக்குப் போ, ஒம்பிள்ளை அழுகுது பாரு" என்றாள். பிள்ளை அழுதது உண்மைதான். அந்தச் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது.

நாற்பது நாள் தாய்வீட்டில் இருக்கட்டும் என்று சிக்கந்தர் அவளையும் பிள்ளைகளையும் ஜட்காவில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனான். அவனும் அங்கேயே தங்கிக்கொண்டான். வண்டியில் ஏறும்போது ஜெயினம்பு சாவியை மலையம்மாளிடம் கொடுத்தாள்.

"கோழிக்கு ரெண்டு கை கம்பு போடு. கொடியில பாதி கட்டுன சேல தொங்குது. வெள்ளிக்கிழம துணிக்காரரு வந்தா அப்படியே குடுத்துரு. இனிமே எனக்குத் துணி குடுக்க மாட்டாரு. போகட்டும்."

அன்று திங்கட்கிழமை.

மலையம்மாள் கொடியிலிருந்து சேலையை இறக்கிப் பார்த்தாள். உடலில் பாதியும் முந்தானையும் மிச்சம். அவளுடைய சொந்தத் துணியிலும் அவ்வளவு மிச்சம் இருந்தது. இருப்பது நாலு பகல். இரண்டையும் முடிக்க ஒரு பிறவியில் ஆகாது. அவள் அதிகம் யோசிக்கவில்லை. தன் துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

தினமும் தங்கப்பொண்ணு வேப்பமுத்துப் பொறுக்கக் கண்மாய்க் கரைக்குப் போனதும், மருதுவை இடுப்பில் எடுத்துக்கொண்டு பூட்டைத் திறந்து ஜெயினம்புவின் வீட்டுக்குள் போவாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கூரையிலிருந்த கண்ணாடி ஓடு வழியாக வெளிச்சம் விழும் இடத்தில் உட்காருவாள். பழஞ்சேலைக் கிழிசலால் மருதுவின் அரையில் ஒரு கட்டும் தூணில் ஒரு கட்டும் போட்டுத் தவழ விடுவாள்.

முதல் நாள் கை பழக்கத்தில் ஐந்து சுற்றுச் சுற்றியது. நாற்பது முடிச்சுப் போட்ட பிறகு கவனித்தாள். நாற்பதையும் பிரித்தாள். மூன்று சுற்று, இடப்பக்கம் இழுப்பு, நகத்தால் ஒரு அழுத்து. மூன்று சுற்று, இடப்பக்கம், அழுத்து. துணிக்காரர் முடிச்சைப் பார்த்தே இது இன்னார் கை என்று சொல்லிவிடுகிறவர். அவருக்கும் தெரியக் கூடாது; நாளைக்கு இந்த வீட்டுக்காரிக்கும் தெரியக் கூடாது. "அக்கா போறதுக்கு முன்னாடியே முடிச்சு வச்சுட்டுத்தான் போச்சு" என்று சொல்லப் போகும் வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டாள். அதில் ஒரு இடத்திலும் தட்டக் கூடாது.

வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரம். முந்தானை ஓரத்தில் கடைசி வரிசை. கட்டைவிரல் நகம் பிளந்து ரத்தம் கசிந்தது. துணியில் படாமல் விரலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டாள். கட்டியிருந்த கிழிசல் எட்டாத தூரத்தில் கிடந்த நூல்கண்டுக்காக மருது வீடு அதிர அழுதான். முகம் சிவந்து, மூச்சுப் பிடித்து, தெம்பாக அழுதான்.

"அழுடா ராசா" என்றாள் மலையம்மாள். "நல்லா அழு."

கடைசி முடிச்சை இடப்பக்கம் இழுத்து அழுத்தி நூலைப் பல்லால் கடித்தாள். சேலையை ஜெயினம்பு மடிக்கிற மாதிரியே நாலாக மடித்து அதே கொடியில், அதே இடத்தில் தொங்கவிட்டாள். தரையில் கிடந்த நூல் துணுக்குகளை ஒன்று விடாமல் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். மருதுவை அவிழ்த்துத் தூக்கினாள். பூட்டைப் போட்டாள். பிறகு கோழிகளுக்கு இரண்டு கை கம்பு இறைத்தாள்.