ஊற்றடிக் கல்லறை

எங்கள் கெட்டில் மாவட்டத்தில் பார்க்க மூன்று இடங்கள் உண்டு என்கிறது சாலையோரப் பலகை. கூரை போன கோட்டை. எங்கள் ஊர்க்காரர்கள் பக்கத்து ஊரிலிருந்து மாடுகளைப் பூட்டி அப்படியே இழுத்து வந்த, மரத்தாலான நீதிமன்றக் கட்டடம். எங்கள் பண்ணை ஊற்றடியில் இருக்கும் சிறுமி அல்மைராவின் கல்லறை. முதல் இரண்டும் உண்மை.

மூன்றாவது என் தாத்தா எஸ்ரா ப்ரூயட் செய்த வேலை. புது நிலம் தேடி மேற்கே போன வண்டிக்காரர்கள் எல்லோரும் அவருடைய ஊற்றடியில்தான் மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். புல் மிஞ்சவில்லை. துப்பாக்கியைக் காட்டிப் பார்த்தார். அவர்களிடமும் துப்பாக்கி இருந்தது. கடைசியில் ஒரு மண்மேட்டைக் குவித்து, 'அல்மைரா, வயது ஆறு, காலரா' என்று பலகை எழுதி நட்டார். தொற்றிவிடும் என்ற பயத்தில் அதன்பின் ஒரு வண்டியும் அங்கே நிற்கவில்லை. புல் பிழைத்தது, கதையும் பிழைத்தது. மாவட்டம் கல் வைத்து இரும்பு வேலி போட்டது. ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும், இறந்தவர்களை நினைக்கும் நாளில், பள்ளிப் பிள்ளைகள் பூ வைத்துப் பாடுவார்கள். நாங்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒன்றும் தெரியாத பாப்பா போல நிற்போம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். கல்லறையை இடம் மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றுவதென்றால் தோண்டவேண்டும். வெறும் மண் வந்தால் மாவட்டமே எங்கள் குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்கும். அண்ணன் க்ளைட் இறந்தபின் பண்ணை வீட்டில் தனியாக இருந்த அண்ணி ஆர்ஃபாவிடம் போய்ச் சொன்னேன்.

"தோண்ட விடாத, ராஸ்கோ."

"என் கையில என்ன இருக்கு அண்ணி? ரோடு கவர்மெண்டுது. தாத்தா பண்ணின கூத்து சந்தி சிரிக்கப்போவுது."

"உனக்கு எப்பவும் உங்க தாத்தா பேருதான்."

"வேற என்ன இருக்கு அங்க?"

அண்ணி உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தார்.

தோண்டிய அன்று பாதி மாவட்டம் கூடியிருந்தது. வரலாற்றுச் சங்கத் தலைவி ஹேஸல் லுண்ட்க்விஸ்ட் புதுத் தொப்பியோடு வந்திருந்தாள்.

"ஏன் ராஸ்கோ, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? சொந்தப் பொண்ணு மாதிரில்ல அவளப் பாத்துக்கிட்டீங்க!"

"ஆமா. எங்க வீட்டுல அவள மாதிரி சாது யாருமில்ல."

சவ அடக்கம் செய்யும் டாப்ஸ் பொறுமையாக மண்ணை அள்ளினான். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி எதிலோ இடித்தது. சின்ன மரப்பெட்டி. கூட்டம் பெருமூச்சு விட்டது. ஹேஸல் அழுதேவிட்டாள். நான் குனிந்து பெட்டியைப் பார்த்தேன். அது ஆப்பிள் பெட்டி. தாத்தா காலத்தது இல்லை, நான் வாலிபனாக இருந்தபோது கடைக்கு வந்த வகை. ஆறு வயதுப் பிள்ளை அதில் அடங்காது.

"அல்மைரா கண்ணு!" என்றாள் ஹேஸல். "புதுக் கல்லுலயும் அதே எழுத்தயே வெட்டிடலாம்."

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மானம் தப்பியது. அண்ணி வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அது பொண்ணு இல்ல ஹேஸல். பையன். என் பையன்."

ஹேஸல் கைக்குட்டையை இறக்கினாள்.

"பொறக்கும்போதே மூச்சு இல்ல. ஜனவரி மாசம், பனியில ரோடு அடைச்சுக் கெடந்துச்சு. நெலமெல்லாம் இரும்பா எறுகிப்போச்சு, ஊத்தடியிலதான் மண்வெட்டி எறங்குச்சு. இது வெறுங்குழின்னு க்ளைட் சொன்னாரு. கல்லும் வேலியும் சும்மாதான கெடக்கு, நம்ம புள்ள இருக்கட்டும்னாரு. வருஷா வருஷம் நீங்கல்லாம் வந்து பாடினீங்க. அதக் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்."

"வெறுங்குழியா?" என்று ஹேஸல் என் பக்கம் திரும்பினாள்.

தாத்தா செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் குடியிருந்தும் அந்தப் பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று ஒருநாளும் கேட்காமல், செத்துப்போன கிழவரின் பேருக்காக இத்தனை நாள் தூக்கம் கெட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

டாப்ஸ் பெட்டியை வண்டிக்கு எடுத்துப் போகப் பார்த்தான். அண்ணி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

ஹேஸல் தொப்பியைக் கழற்றிவிட்டாள். "அப்ப கல்லுல என்ன பேரு வெட்டச் சொல்லட்டும் ஆர்ஃபா?"

அண்ணி பெட்டியை மார்போடு சேர்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நாங்க பேரே வெக்கல ராஸ்கோ. இங்க ஏற்கெனவே ஒண்ணு எழுதியிருந்துச்சு."