சொக்கம்மாள் விற்காத ஓரம்

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. செல்போனை மடியில கவுத்து வெச்சுட்டுக் கேளுங்க. வூட்டை வித்த ஒரு பொம்பளையோட கதை சொல்றேன். சிரிச்சுக்கினே கேக்கலாம், ஆனா ஒரு சேதியை முந்தானையில முடிஞ்சுக்கினு போவணும்.

காவாந்தண்டலத்துல முத்துகிருஷ்ணன், சொக்கம்மாள்னு புருஷன் பெண்ஜாதி. தெருவைப் பார்த்து பெரிய ஓட்டு வூடு. பிள்ளைங்க கல்யாணமாகி ஆளுக்கொரு ஊரு போயிட்டாங்க. பெருக்கி முடிச்சு நிமிர்றதுக்குள்ள சொக்கம்மாளுக்குப் பொழுது சாயும். முட்டியும் மக்கர் பண்ண ஆரம்பிச்சிடுச்சு. சரின்னு ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தாங்க. கொல்லைப்பக்கம் கிடக்கிற மனையில படி இல்லாம, உள்ளயே பாத்ரூம் வெச்சு, ஒரு ரூமும் அடுப்படியுமா சின்ன வூடு கட்டிக்கிறது. முன்வூட்டை வித்துடறது.

வாங்க வந்தவன் வேத்தாள் இல்ல. பக்கத்துத் தெரு முனியம்மாளோட மகன் வினோத்குமார், ஒரகடத்துல கம்பெனி வேலை. இவங்களைப் பெரிப்பா, பெரிம்மான்னு கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை. பேசி முடிச்சு, சின்ன வூட்டுக்குச் செவுரு எழும்பினதும் உத்திரமேரூருக்குப் பத்திரம் எழுதப் போனாங்க.

எழுதறவர் வாசிச்சுக் காட்டினார். விக்கிற மனைக்குக் கிழக்கே தெரு, தெற்கேயும் வடக்கேயும் அடுத்தவங்க வூடு, மேற்கே விற்பவர் தன் வசம் வைத்துக்கொண்ட மனை. அந்த மேற்கு மனைக்கு அந்தாண்ட ஏரிக் கால்வாய். சொக்கம்மாள் கண்ணை மூடிக்கினு கேட்டா. வாசிக்க வாசிக்க மனசாலயே புது வூட்டுலயிருந்து தெருவுக்கு நடந்து பார்த்தா. ஒவ்வொரு பக்கமும் முட்டிக்கினு நின்னா.

"நாங்க தெருவுக்கு வர எந்தப் பக்கம் வழி?" ன்னு கேட்டா.

முத்துகிருஷ்ணனுக்குக் கோவம் வந்துடுச்சு. நம்ம ஊர்ல யாரு கொல்லை வழியா யாரு போவல? மோர் வாங்க, பூ பறிக்க, சும்மா பேச, எல்லாரும் எல்லார் வாசல்லயும் நடந்துக்கினுதான் இருக்காங்க. எந்தக் காலத்துல அதைப் பத்திரத்துல எழுதினாங்க? எழுதச் சொன்னா பிள்ளை மேல நம்பிக்கை இல்லன்னு ஆவாதா? இப்படியே பொரிஞ்சு தள்ளினார். வினோத்குமாரும், பெரிம்மா, நம்ம வாசல்தானே, எப்ப வேணா போய் வாங்கன்னான்.

"நீ விடுவே ராசா," ன்னா சொக்கம்மாள். "நாளைக்கு நீ வேற ஊருக்கு மாத்தலாகி இதை வித்துட்டா, வாங்கறவன் என்னைப் பெரிம்மான்னு கூப்புடுவானா?"

எழுதறவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கினு, அம்மா கேக்கிறது நியாயம், வாய்ப்பேச்சு பேசினவங்க இருக்கிற வரைக்கும்தான், நடைபாதை உரிமைன்னு ஒரு வரி சேர்த்துடலாம், பேசிட்டு வாங்கன்னார்.

திரும்பி வந்து முனியம்மாள்கிட்ட சொன்னதும், அவ தாராளமா தலையாட்டினா. அப்புறம் தயங்கி ஒண்ணு சொன்னா.

"யக்கா, நீ நட, மாடு ஓட்டு, வண்டி கூடக் கொண்டா. ஆனா கெட்டதுக்கு மட்டும் எங்க வாசல்ல வழி கேக்காத. எங்க மனை மேல பாடை போவக்கூடாது. பேரப்பிள்ளை பொறக்கப் போற வூடு."

தப்பா நினைக்காதீங்க, முனியம்மாள் கெட்டவ இல்ல. நம்ம பக்கத்துல உயிரோட இருக்கிறவனுக்கு ஊரெல்லாம் வழி. மூச்சு நின்னவனுக்கு அவன் வாசல் ஒண்ணுதான் வழி. அது அவளுக்கும் தெரியும், சொக்கம்மாளுக்கும் தெரியும்.

சொக்கம்மாள் ராத்திரியெல்லாம், புது வூட்டுல நிம்மதியா சாவலாம்னு பார்த்தா, செத்தப்புறம் கொல்லையிலயே கிடக்கணும் போலிருக்கேன்னு யோசிச்சுக்கினே இருந்தா. காலையில எழுந்தவ, புருஷனைக் கூப்பிட்டு, நவார் கட்டில்ல படுன்னா.

"இன்னாத்துக்கு?"

"படுய்யா, சொல்றேன்."

சின்ன வூட்டுக்குப் பூச்சு வேலை பண்ணிக்கினு இருந்த மேஸ்திரியையும் அவர் ஆளுங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டா. நாலாவது ஆளா வினோத்குமார். வாசலுக்கு வந்துட்ட முனியம்மாள், ஐயோ அபசகுனம்னு வாயைப் பொத்திக்கினா. உயிரோட தூக்கினா ஆயுசு கெட்டின்னு சொல்லிட்டு சொக்கம்மாள் முன்னாடி நடந்தா.

சின்ன வூட்டுலயிருந்து தெருவைப் பார்க்க, முன்வூட்டோட தெற்கு மதில் ஓரமாவே கட்டிலைத் தூக்கிக்கினு போனாங்க. முத்துகிருஷ்ணன் மாப்பிள்ளை ஊர்கோலம் மாதிரி கையை ஆட்டிக்கினு வந்தார். மதிலை ஒட்டினாப்புல இருந்த தண்ணி மோட்டார் கொட்டாய் மூலையில கட்டில் மாட்டிக்கிச்சு. முன்னாடி போறவங்க இழுக்க, பின்னாடி இருக்கிறவங்க தள்ள, ஒரு கால் கொட்டாய்ச் செவுத்துல இடிச்சு, கட்டில் சாஞ்சுது. அவர் ரெண்டு கையாலயும் சட்டத்தைப் புடிச்சுக்கினு வானத்தைப் பார்த்துக் கிடந்தார். சிரிப்பெல்லாம் போயே போச்சு.

"சொக்கா," ன்னார் மெதுவா. "நான் போறப்ப இப்படித்தான் மாட்டிக்கினு நிப்பேனா?"

"அதுக்குத்தான்யா கேக்கிறேன்."

அவர் படுத்த வாக்குலயே வினோத்குமாரைப் பார்த்து, தம்பி, எழுதித்தான் ஆவணும்னார். முனியம்மாள் மட்டும் தலையைக் குனிஞ்சுக்கினு நின்னா. மனசு இளகினாலும் பயம் போவல.

அப்ப சொக்கம்மாள் சொன்னா: "முனியம்மா, உன் மனையில நான் வழி கேக்கல. இந்த மதில் ஓரத்தை நான் விக்கவே போறதில்ல. இந்தக் கட்டிலும் ரெண்டு பக்கம் ஆளும் தாராளமா போற அகலத்துக்கு எங்க பேர்லயே நிறுத்திக்கிறேன். அப்ப எங்க பொணம் எங்க மனை மேலதானே போவும், உன் மனையைத் தொடவே தொடாது."

முனியம்மாள் மதில் ஓரத்தைக் கண்ணாலயே அளந்து பார்த்துத் தலையாட்டினா. அப்புறம் வந்து கட்டிலோட ஒரு பக்கத்தைப் புடிச்சுக்கினு, முதல்ல மச்சானை இறக்குங்கப்பா, பாவம்னா.

அந்த ஓரத்துக்குத் தக்கபடி விலையைக் குறைச்சுக்கினாங்க. மோட்டார் கொட்டாயை வேற மூலைக்கு மாத்தினாங்க. சர்வேயர் வந்து கல் நட்டார். பத்திரத்துல தெற்கெல்லை மாறிச்சு: விற்பவர் தன் வசம் வைத்துக்கொண்ட பாதை. சின்ன வூட்டையும் பாதையையும் ரெண்டு பேர் பேர்லயும் எழுதிடுங்கன்னு எழுதறவர்கிட்ட முத்துகிருஷ்ணனே சொன்னார். யார் முன்னாடி போனாலும் மிச்சம் இருக்கிறவங்க வாசல்ல நின்னு யாரையும் கெஞ்சக் கூடாதுன்னார். கட்டில்ல சாஞ்சு கிடந்தவருக்கு அவ்வளவு தெளிவு.

சின்ன வூட்டுல பால் காய்ச்சின அன்னிக்கு அந்தப் பாதையில முதல்ல வந்தது முனியம்மாள்தான், இடுப்புல நிறைகுடத்தோட. இப்ப அவ பேத்தி அதுலதான் நடை பழகுது. முத்துகிருஷ்ணன் சாயங்காலம் அங்க உலாத்திக்கினு, போறவங்க வர்றவங்க கிட்டயெல்லாம் இது என் சொந்த ரோடுன்னு பெருமை அடிச்சுக்கினு இருக்காரு. அந்தக் கட்டில்ல மொளகா காயுது.

போய் வாங்க கண்ணுங்களா. உங்க வூடு சின்னதோ பெரிசோ, அதுக்குத் தெரு வரைக்கும் வழி இருக்கட்டும், அந்த வழி உங்க பேர்ல இருக்கட்டும். அதுல நிறைகுடமும் பிள்ளைத் தளர்நடையும் வந்துக்கினே இருக்கட்டும். உங்க வூட்டுக் கட்டில்ல ரொம்ப காலம் மொளகாயே காயட்டும்.