இடது பாதி

"தலைகீழா நின்னாலும் இது மெயினா ஆகாதுண்ணா," என்றான் கொழுந்தன். கொண்டுவந்த கேம் மெஷின் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் வியாதியைச் சொல்லித்தான் பழக்கம். "வீட்டுல டிவியில மாட்டலாம், வெளிய கையில தூக்கிட்டுப் போகலாம். ரெண்டுங்கெட்டான். பெரிய மெஷின்ல ஓடுற கேம்ல பாதி இதுல ஓடாது. ஓடுனாலும் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கறப்போ பொழுது போகும்னு கொண்டுவந்தேன். மெயின் எப்பவும் பெரிசுதான்."

அவன் சொன்ன பெரிசு, வீட்டிலிருந்த பழைய கேம் மெஷின், டிவிக்குக் கீழே இருந்தது. ஆறு மாதமாக யாரும் தொடவில்லை. அதன் கன்ட்ரோலர் இரண்டு கைக்கும் செய்தது. இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தினால்தான் எல்லா விரலுக்கும் எல்லாப் பட்டனும் எட்டும். அவள் ஒருநாள் அதைத் துடைத்து, கணவன் கண்ணில் படாமல் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அவன் நாற்காலியில் சாய்ந்து, இடது கை முடிந்துபோன இடத்தை வலது கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முன்பு இந்த மாதிரிப் பேச்சைச் சும்மா விடமாட்டான். எது மெயின், எது உப்புக்குச் சப்பாணி என்று அண்ணனும் தம்பியும் வாய் கிழியக் கத்தியதில், அவள் டிவி ஒயரையே பிடுங்கிப்போட்டதுண்டு. இப்போது, "வச்சுட்டுப் போடா," என்றான். அவ்வளவுதான்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே பிரஸ்ஸில் வேலை. அவனுக்குத் தாள் வெட்டும் மெஷின், அவளுக்கு பேக்கிங் மேஜை. நூல் பிசகாமல் வெட்டுவான் என்பதால் பிரஸ்ஸில் அவன் பெயரே 'நூலு' ஆகிவிட்டது. அவளுக்குப் பெயர் 'காது'. கட்டுக்கு மேல் பிரவுன் டேப் ஒட்டினால், கடைசி முனையை நகத்தளவு மடித்துவிட்டுத்தான் கையை எடுப்பாள். பிரிக்கிறவன் முனை எங்கே என்று சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டாம், அந்தக் காதைப் பிடித்து இழுத்தால் போதும். பேக்கிங்கில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. அவனோ டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து ஒட்டுகிற ஜாதி. "ஒரு காது வச்சா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று அவள் கேட்காத நாளில்லை.

அவனுடைய மெஷின் பழசு. அதில் இந்தக் கோடியில் ஒரு பச்சைப் பட்டன், அந்தக் கோடியில் ஒரு பச்சைப் பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் கத்திக்கு அடியில் எந்தக் கையும் இருக்காது அல்லவா? மெஷினைச் செய்தவன் மடையன் இல்லை. ஆனால் வேலை குவிகிற மாதங்களில் நமக்கு அவனைவிடப் புத்தி அதிகமாகிவிடும். இடது பட்டனை அழுத்தி மேலே டேப்பை ஒட்டிவிட்டால், வலது கை பட்டனைத் தட்டும், இடது கை அடுத்த கட்டைத் தள்ளும், வேலை பறக்கும். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வரும்போது இருமிக்கொண்டே வருவார். கண்ணில் எதுவும் பட்டுவிடக் கூடாது என்கிற நல்லெண்ணம்.

கை போன அன்று காலை தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார் என்று தகவல் வந்து, அவன் டேப்பைப் பிரித்துவிட்டான். ஆய்வாளர் ஆபீஸ் அறையிலேயே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். மெஷின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அவனும் டீ குடிக்கப் போனான். புது கேம் ஒன்று வீட்டில் காத்திருந்தது. நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும் என்று காலையிலிருந்து பிள்ளை மாதிரி அனத்திக்கொண்டிருந்தான். அவள்தான் தன் மேஜையிலிருந்து டேப்பை எடுத்துப்போய் இடது பட்டனில் மறுபடி ஒட்டினாள். அவனுக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தாள், வேறொன்றும் நினைக்கவில்லை. யாரோ பார்சலுக்குக் கூப்பிட, மேஜைக்குத் திரும்பிவிட்டாள்.

டீ குடித்துவிட்டு வந்தவன், டேப் இல்லை என்கிற தைரியத்தில் இடது கையை உள்ளே விட்டு, மடங்கிக் கிடந்த ஒரு தாளை இழுத்தான். பழக்கத்தில் வலது கை பட்டன் மேல் ஊன்றியது.

சூப்பர்வைசர் ஓடிவந்து முதலில் செய்த காரியம் டேப்பைப் பிய்த்து எறிந்ததுதான். ஆனாலும் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். டேப்பை எடுக்காமல் விட்டது தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதியாயிற்று. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்ததும் சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்திலேயே இருந்தாள். கண் விழித்தவன், "எடுத்தேன்னுதான் நெனச்சேன். எடுக்கல போல," என்றான். அவள் வாயைத் திறந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

அன்று சொல்லாமல் விட்டது விட்டதுதான். அவனோ கையைவிடத் தன் ஞாபகத்தின் மேல் இருந்த நம்பிக்கையைத்தான் பெரிதாக இழந்திருந்தான். அடுப்பில் கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தரம் எழுந்துபோய்ப் பார்ப்பான். கதவைப் பூட்டிவிட்டு வாசலிலிருந்து திரும்பி வருவான். தாள் சரிபார்க்கிற வேலை தருகிறோம், உட்கார்ந்து செய்தால் போதும் என்று பிரஸ்ஸிலிருந்து ஆள் அனுப்பினார்கள். "என்னை நம்பி எதையும் குடுக்காதீங்க. எடுத்தேனா எடுக்கலையான்னே தெரியாத ஆளு நான்," என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவள் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் அவன் புத்தி அவனுக்குத் திரும்பக் கிடைக்கும். அந்த ஒரு வார்த்தையோடு அவன் தனக்கு இல்லாமல் போய்விடுவான் என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயம்தான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

தம்பி வைத்துவிட்டுப் போன சின்ன மெஷினை அவன் நாலு நாள் கழித்துத்தான் எடுத்தான். நடுவில் திரை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு. துண்டுகள் தனியே கழன்று வரும். இரண்டையும் கழற்றி மேஜையில் போட்டு, வலது துண்டை மட்டும் கையில் எடுத்தான். திரையில் ஒரு புல்வெளி, அதில் ஒரு குட்டி வீரன். அவன் தட்டியதும் வீரன் வாளை வீசினான், குதித்தான், நின்ற இடத்திலேயே நின்றான். நடக்க வைக்கிற குச்சி இடது துண்டில் இருந்தது. வீரன் வெறும் காற்றை வெட்டிக்கொண்டே இருந்தான்.

மேஜையைத் துடைக்க வந்தவள் இடது துண்டை எடுத்து ஓரமாக வைக்கப் போனாள். கட்டைவிரல் குச்சியில் பட்டது. திரையில் வீரன் நாலடி நடந்தான்.

"இரு," என்றான் அவன். "அதைக் கீழ வைக்காத."

அப்படித்தான் ஆரம்பித்தது. நடப்பது அவள், வெட்டுவது அவன். குச்சியை எவ்வளவு தள்ளினால் எவ்வளவு நடக்கும் என்று அவளுக்குப் பிடிபடவே ஒரு வாரம் ஆயிற்று.

"போ, போ... நில்லு! நில்லுன்னா நில்லணும்!"

"நின்னுட்டேன், அவன்தான் நிக்கல!"

"தண்ணிக்குள்ள போயிட்டான் பாரு. குளிப்பாட்டு."

அவன் சிரித்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டாள். துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

பிறகு இருவருக்கும் கை ஒத்துப்போனது. அவன் சொல்வதற்கு முன்பே அவள் ஒதுங்குவாள். அவள் ஒதுங்கிய கணத்தில் அவன் வாள் இறங்கும். மாலையில் டிவியில் மாட்டி ஆடினார்கள். கைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போனால், காத்திருக்கிற பெஞ்சில் மெஷினை நிறுத்திவைத்து ஆளுக்கொரு துண்டோடு உட்கார்ந்தார்கள். நர்ஸ் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு, கடைசியில் நேரில் வந்து திட்டினாள். "ஒரு நிமிஷம் சிஸ்டர், இவனை முடிச்சுட்டு வந்துடறோம்," என்றாள் அவள். தானா இப்படிப் பேசினோம் என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தபோது அவன் டிவிக்குக் கீழே கையைக் காட்டினான். "பெரிசை நீ எடுத்துட்டுப் போயிடு."

"இதை வச்சுக்கிட்டா? அண்ணா, சும்மா சொல்லாத. படம் அவ்வளவு தெளிவா இருக்காது, சார்ஜ் நிக்காது, புது கேம் எதுவும்..."

"பெரிசு ரெண்டு கை கேக்குதுடா. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருக்கணும்னு கேக்குது. இது ஆளுக்கொரு கைன்னா ஒத்துக்குது. எனக்கு இதுதான் மெயின்."

கொழுந்தன் வாயை மூடிக்கொண்டான். அவன் வாய் மூடி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரிசைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான். அவள் அலமாரியிலிருந்து கன்ட்ரோலரையும் எடுத்துக் கொடுத்தாள். இனி சொல்லவே வேண்டாம், இப்படியே காலம் போய்விடும் என்று அன்று முழுசாக நம்பினாள். அந்த நிம்மதி திருட்டுச் சொத்து என்று தெரிந்தேதான் அனுபவித்தாள்.

ஆனால் அவன் கேஸைப் பார்க்க எழுந்துபோவது மட்டும் நிற்கவில்லை.

அரை நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளை முழு நாளுக்கு வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவன் இடது துண்டை நீட்டினான்.

"குச்சியை முன்னாடி தள்ளி டேப் ஒட்டிட்டுப் போயேன். அவன் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கட்டும். எந்தப் பக்கம் போறதுன்னு நான் இந்தக் கையாலயே திருப்பிக்கறேன்."

"நிறுத்த முடியாதேங்க?"

"நின்னு என்ன பண்ணப்போறேன். பகல் பூரா உக்காந்திருக்கணும்ல."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையிலிருந்து பிரவுன் டேப்பை எடுத்தாள். பேக்கிங்காரி பையில் வேறு என்ன இருக்கும்? குச்சியைக் கட்டைவிரலால் தள்ளிப் பிடித்து இரண்டு சுற்று சுற்றி, அறுத்து, முனையை மடித்துவிட்டு ஓடினாள். வீரன் ஓட ஆரம்பித்த சத்தம் வாசல் வரை கேட்டது. போகிற வழியெல்லாம், ஒற்றைக் கையால் இதைக்கூட யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறானே என்று பெருமையாக இருந்தது.

சாயங்காலம் கதவைத் திறந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. வீரன் புல்வெளியில் சும்மா நின்றுகொண்டிருந்தான். அவன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். டேப் பிரிக்கப்பட்டு மேஜை விளிம்பில் ஒட்டியிருந்தது, அதன் காது மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"ரொம்ப சுலபமா வந்துச்சு," என்றான். "ஒரே கைதான். காதைப் பிடிச்சு இழுத்தேன், வந்துடுச்சு."

அவள் பையைக் கீழே வைக்கவில்லை.

"அன்னைக்குக் கீழ விழுந்து கெடந்தேன்ல. கண்ணுக்கு நேரா அந்தப் பட்டன்தான். டேப்போட முனை இப்படித்தான் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அது அப்பப்போ ஞாபகத்துல வரும். ஏன் வருதுன்னு தெரியாது. இதுவும் என் மூளை கோளாறுன்னு விட்டுடுவேன்." டேப்பின் காதை விரலால் ஒருமுறை சுண்டினான். "நான் காது வைக்க மாட்டேன்."

"நான்தாங்க," என்றாள் அவள். "நீங்க டீக்குப் போனப்போ. சீக்கிரம் கிளம்பணும்னு சொன்னீங்கல்ல, அதான்... சொல்ல மறந்துட்டேன். அப்புறம் சொல்லப் பயந்துட்டேன்."

அடிப்பான் என்று நினைத்தாள். கத்துவான், கையில் கிடைத்ததை வீசுவான் என்று நினைத்தாள். அதற்கெல்லாம் அவள் தயாராக இருந்தாள்.

"அப்போ நான் எடுத்துட்டேன்," என்றான் அவன்.

முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது, நூலு என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பழைய முகம். "எடுத்துட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. பிரிச்சு, உருட்டி, குப்பைத் தொட்டியில போட்டேன். சரியாத்தான் ஞாபகம் இருந்துருக்கு." கண்ணில் தண்ணீர் வந்தது, அதைத் துடைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவனை அந்த ஆறேழு மாதத்தில் அவள் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட நாலு அடி வாங்கியிருக்கலாம்.

அந்தச் சந்தோஷம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகுதான் அவளைப் பார்த்தான். மெதுவாக, அளவெடுத்துப் பார்த்தான்.

"எத்தனை தடவை எழுந்துபோய் கேஸைப் பாத்திருப்பேன்? நீ பக்கத்துலதானே இருந்த?"

அவள் பையைத் தரையில் வைத்தாள்.

"கைபோனது கெட்ட நேரம். நீ வேணும்னு பண்ணல, அது எனக்குத் தெரியும்," என்றான். "ஆனா தெனமும் என் பக்கத்துல உக்காந்து ஆடிக்கிட்டே இருந்தியே."

எழுந்தான். இடது துண்டை எடுத்து அவள் இடது கையில் வைத்தான், எப்போதும் வைப்பதுபோல. பிறகு தன்னுடைய வலது துண்டையும் எடுத்து அவளுடைய வலது கையில் வைத்து, அவள் விரல்களை மடக்கிவிட்டான்.

"உனக்குத்தான் ரெண்டும் இருக்கே. நீயே ஆடு."

நாளைக்கே பிரஸ்ஸுக்குப் போய் அந்தத் தாள் வேலையைக் கேட்கப்போவதாகத் தம்பியிடம் போனில் சொல்வது உள்ளறையிலிருந்து கேட்டது. கொஞ்ச நாள் உன் கடைக்கு மேல இருக்கிற அறையில் தங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னான். குரல் தெளிவாக, தைரியமாக இருந்தது. கிளம்பும்போது சமையலறையைத் தாண்டித்தான் போனான். கேஸைப் பார்க்க உள்ளே நுழையவில்லை.

அவள் இரண்டு துண்டுகளையும் பிடித்தபடி டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். திரையில் வீரன் இவள் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தான். நடக்க வைக்க அவளுக்குத் தெரியும். வெட்டுவதற்கு எந்தப் பட்டன் என்று அவள் கற்றுக்கொள்ளவே இல்லை.