நீலம் என்று சொல்லியிருக்க வேண்டும்

நீதிமன்ற வராந்தாவின் பெஞ்சில் டுவைட் குபிசெக் தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருந்தான். இறைச்சித் தொழிற்சாலையின் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தான். நன்னடத்தைக் கண்காணிப்பில் அவனுக்கு அதிகாரியான லோர்னா, கோப்பை மார்போடு அணைத்தபடி எதிரே நின்றாள்.

"போன வியாழக்கிழமை சத்தியமா போன் பண்ணேன் மேடம். விடிகாலை அஞ்சு பத்து. பழுப்புன்னுதான் சொல்லிச்சு. நான் நீலமாச்சே, இன்னிக்கு டெஸ்ட் இல்லன்னு ஷிஃப்டுக்குப் போயிட்டேன்."

கண்காணிப்பில் இருப்பவர்கள் தினமும் காலையில் ஓர் எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் உண்டு. பதிவு செய்த குரல் அன்றைய நிறத்தைச் சொல்லும். அந்த நிறத்துக்காரர்கள் மாலைக்குள் வந்து சிறுநீர் கொடுத்தாக வேண்டும். வராவிட்டால் போதை மருந்து எடுத்ததாகவே கணக்கு.

அந்தக் குரல் லோர்னாவுடையது. அந்த வியாழக்கிழமை தூக்கக் கலக்கத்தில் முந்தின நாள் தாளைப் பார்த்துப் பழுப்பு என்று படித்துவிட்டாள். ஆறு மணிக்குத்தான் உறைத்தது. அழித்துவிட்டு நீலம் என்று புதிதாகப் பதிந்தாள். பழையதன் சுவடே இல்லை. அந்த நேரத்தில் யார் போன் செய்யப் போகிறார்கள் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். ஐந்தரை மணி ஷிஃப்டுக்குப் போகிறவன் ஒருவன் செய்திருந்தான்.

மேலதிகாரி கோர்டி காப்பிக் கோப்பையோடு வந்தார். "என்ன, போன் தப்பா சொல்லிச்சாமா? போன வாரம் ஒருத்தன், நாய் போனைத் தின்னுடுச்சுன்னான். நாயைக் கூட்டிட்டு வா, அதுக்கும் டெஸ்ட் எடுத்துடலாம்னேன்!" சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அவர்தான் குளிர்காலத்தில் அவளுக்கு இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தவர். இன்னொரு தப்பு நடந்தால் தன்னால் காப்பாற்ற முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

டுவைட் பதினோரு மாதமாகச் சுத்தமாக இருக்கிறான். இன்று விதிமீறல் என்று தீர்ப்பானால் முப்பது நாள் சிறை. வேலை போகும். சனிக்கிழமைதோறும் பெண் குழந்தையைப் பார்க்கிற அனுமதியும் போகும்.

"ஒருவேளை நான்தான் கோட்டை விட்டேனோ என்னவோ. பாதி மூளைய நானே கொளுத்திட்டேனே" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். "உங்க குரலுக்கு என்ன மேடம், அது தப்பாவா சொல்லும்? நீங்க சங்கடப்படாதீங்க. என் தப்புன்னே ஒத்துக்கறேன்."

அவன் ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது லோர்னாவுக்கு.

உள்ளே அவன் பெயரை அழைத்தார்கள். நீதிபதி கோப்பைப் புரட்டி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கண்காணிப்பு அலுவலகம் ஏதாவது சொல்லணுமா?"

லோர்னா எழுந்தாள். முதல் வரிசையில் கோர்டி கடிகாரத்தைப் பார்த்தார். டுவைட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மைக் கிட்ட வந்து பேசுங்க மேடம். பதிவாகுது" என்றார் நீதிமன்ற எழுத்தர்.

மேசை மேலிருந்த கருவியில் சிறிய சிவப்பு விளக்கு எரிந்தது.