ஐம்பத்தைந்து அங்குலம், இரண்டடி தூரம்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு டிவி இருக்கிறது. ஐம்பத்தைந்து அங்குலம். வீட்டுக்கும் ஆகும், கம்ப்யூட்டருக்கும் ஆகும் என்று சொல்லி வாங்கியது. வீட்டுக்கு ஆகத்தான் செய்தது. சீரியலில் அழுகிறவர்களின் மூக்குத் துவாரம் வரைக்கும் காட்டும். யாருக்காக வாங்கினோமோ அவளுக்குத்தான் ஆகவில்லை.

என் மனைவி ஷீலா பத்தொன்பது வருடம் புரூஃப் பார்த்தவள். பத்தாம் வகுப்பு கைடு, பன்னிரண்டாம் வகுப்பு கைடு. பதிப்பகம் காகிதம் அனுப்புவதை நிறுத்தியபின் பழைய பதினேழு அங்குல மானிட்டரில் பார்த்தாள். அப்புறம் சர்க்கரை கண்ணுக்கு வந்தது. லேசர் சிகிச்சை முடிந்த அன்று டாக்டர், "பெரிய ஸ்கிரீன் வெச்சிக்கங்கம்மா, இன்னும் பல வருஷம் வேலை பாக்கலாம்" என்றார். தாம்பரம் வரும்வரை ஆட்டோவில் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

டிவியைத் தேர்ந்தெடுத்தது அவள் தம்பி அன்பு. சிறுசேரியில் வேலை. கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவனுக்கு டிவியும் தெரியும் என்று நம்புகிற குடும்பம் எங்களுடையது. அவன் அங்கே நாள் முழுக்கச் செய்வது அமெரிக்காக்காரனுக்கு மன்னிப்புக் கேட்டு ஈமெயில் போடுவது.

பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெரிய கடை. சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே பஞ்சவர்ணக் கிளி. உலகத்தில் எந்த வீட்டிலும் கிடையாத வெளிச்சத்தில் அது சிறகை விரித்துக்கொண்டிருந்தது. விற்பனையாளர் தீனா, கிளியைத் தானே பெற்றவர்போல் காட்டினார்.

"கலரைப் பாருக்கா. சும்மா தகதகன்னு கீது பாரு."

"நான் கிளி ஜோசியம் பாக்க வரலை தம்பி" என்றாள் ஷீலா. கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். "இதுல ஒரு பக்கம் இருக்கு. அதைப் போட்டுக் காட்டுங்க."

"இன்னா படம்க்கா?"

"படம் இல்ல. சயின்ஸ் கைடு."

டிவி அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. லேப்டாப் மாட்டிக் காட்டச் சொன்னாள். மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார், அவர் இல்லாமல் வயரைத் தொடக்கூடாது என்றார் தீனா. அன்புவுக்கு மானம் போயிற்று.

"அக்கா, ஏன்கா பேஜார் பண்ற? ரிவ்யூ எல்லாம் பாத்துட்டேன். நாலு புள்ளி ஆறு ஸ்டார்."

"ஸ்டார் போட்டவங்கள்ல புரூஃப் பாக்கறவங்க எத்தனை பேருடா?"

தீனா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, மேனேஜர் வரும்வரை காத்திருக்கலாம் என்று சொல்லாமல் பில் போடும் இடத்துக்கு நடந்தேன். எனக்குப் பசித்தது. காரணம் அவ்வளவுதான்.

டிவி வந்த அன்றே பழைய மானிட்டரைப் பழைய சாமான் வண்டியில் தூக்கிப் போட்டேன். புதுசின் முன்னால் இரண்டடி தூரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, மடியில் கீபோர்டுடன் ஷீலா உட்கார்ந்தாள். கால் மணி நேரம் ஒரே பக்கத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள்.

"என்னங்க, எழுத்து ஓரத்துல செவப்பும் நீலமுமா கசியுது."

சோபாவிலிருந்து எட்டிப் பார்த்தேன். சோபாவுக்கும் டிவிக்கும் பத்தடி. "எனக்கு நல்லாத்தான் தெரியுது."

"இங்க வந்து ஒக்காந்து பாருங்களேன்."

"இங்கேருந்தே பளிச்சுனு இருக்கே, ஷீலா."

அன்புவும் அதே சோபாவில் உட்கார்ந்து, அதையே சொன்னான். வந்துபோன உறவுக்காரர் எல்லாரும் சொன்னார்கள். டிவியைப் பார்க்க வருகிறவர்கள் சோபாவில்தானே உட்காருவார்கள்? மறுபடி டாக்டரிடம் போனோம். கண்ணில் புதிதாக ஒன்றும் இல்லை, சிகிச்சை நன்றாக நிற்கிறது என்றார். "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க மாமா. பயப்படக் கூடாதுன்னு" என்றான் அன்பு. டாக்டரைவிட நாங்கள் டிவியை நம்பினோம். அதற்கு நாலு புள்ளி ஆறு ஸ்டார் இருந்தது.

பழைய மானிட்டர் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பாள். இல்லை. மூன்று வாரம் போராடினாள். ஒருநாள் காலையில், பாதி பார்த்த கைடைத் திருப்பி அனுப்பிவிட்டு ஸ்டூலை எடுத்து டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்தாள். "என் கண்ணு போச்சுங்க" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு செய்தித்தாளைக்கூடப் பிரிக்கவில்லை. பார்க்க முடியாது என்று முடிவு செய்துவிட்டால் அப்புறம் எதைப் பிரிப்பது? அதிலிருந்து எட்டாம் மாதம் மாரடைப்பில் போனாள்.

முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்தை வீட்டில் வைத்தோம். பாட்டுப் புத்தகம் வேண்டாம், லேப்டாப்பை மாட்டி வரிகளை டிவியில் போட்டுவிடலாம் என்றான் அன்பு. சபையார் எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தார்கள். வாடகை நாற்காலிகள் நிரம்பின. சோபாவில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர். பாஸ்டர் வந்ததும் என் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரே இடத்தில் உட்கார்ந்தேன். டிவி ஓரத்து ஸ்டூல். கொஞ்சம் இழுத்துப் போட்டதில் திரை இரண்டடி தூரத்தில் இருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து. ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். மெல்லிய கோடுகள் அதில் கரைந்துபோயிருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த சபைக்கார அம்மா பியூலா, நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினார்.

என் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது.

எல்லாரும் பிரியாணிக்கு எழுந்தபிறகு அன்புவைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்தேன். பார்த்தான். "அட, ஆமா" என்றான். ஃபோனில் எதையோ தேடினான். ரிமோட்டை எடுத்து, லேப்டாப் வயர் வரும் இணைப்பின் பெயரை 'கம்ப்யூட்டர்' என்று மாற்றினான். அரை நிமிடம் ஆகியிருக்கும். திரை ஒருமுறை இருண்டு திரும்பி வந்தபோது எழுத்துகள் அச்சடித்ததுபோல் நின்றன.

"ஒண்ணும் இல்ல மாமா, செட்டிங்தான். இது கம்ப்யூட்டர்னு நாம சொல்லணும். சொல்லலைன்னா சினிமான்னு நெனச்சுக்கும்." சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு உறைத்தது. ரிமோட்டைப் பிடித்தபடியே நின்றான். "அக்கா சொன்னது இதானா?"

"இதேதான்."

"நீங்களாவது ஒரு தடவ வந்து ஒக்காந்து பாத்திருக்கலாமே மாமா."

அவன் என்னைக் கேட்ட கேள்விகளில் உருப்படியானது அது ஒன்றுதான். அவனுக்கு ஒரு தட்டு பிரியாணி எடுத்துக் கொடுத்தேன். அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் ஸ்டூலில் உட்கார்ந்து, ஷீலா பதிப்பகத்துக்கு எழுதிய கடைசி ஈமெயிலைத் திறந்தேன். 'இனி என் பார்வையை நம்பி நீங்கள் வேலை அனுப்ப வேண்டாம்' என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாகத் தெரிந்தது.

டிவியை வைத்துக்கொண்டேன். அதற்கு ஒன்றும் தெரியாது. சொன்னால் கேட்டுக்கொள்கிறது. சோபாவை மட்டும் வாசலில் போட்டிருக்கிறேன். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். அதில் உட்கார்ந்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். வேண்டியவர்கள் தூக்கிக்கொண்டு போகலாம்.