கடைசி அத்தியாயம் செப்திக்கு

கேட்ட பிறகுதான் செப்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்போ இந்தக் கதை என்னதான் சொல்ல வருது இபு? இப்படி ஒரு நிலைமைல மாட்டிக்கிட்டவ என்ன பண்ணணும்ங்குது?”

உடனே கல்லூரி நூலகத்தின் பின்புறம், மிதிவண்டிக் கொட்டகை ஓரமாக வட்டமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே குரலில், “மெண்டோவான்!” என்று கத்தினார்கள். தோரோ எழுந்து நின்று கைதட்டினான். “மாட்டினாடா! ஊமை மாதிரி இருந்துக்கிட்டு இவளும் மாட்டினா! எனக்கு மூணு துண்டு, பச்சமிளகா தனியா.”

அந்த வாசிப்பு வட்டத்தின் முதல் சட்டம் இதுதான். கதையின் நீதி என்ன என்று எவரும் கேட்கக்கூடாது. கேட்டால், வாசலில் தள்ளுவண்டிக்காரர் சுடச்சுடப் போடும் மெண்டோவான் எல்லாருக்கும் வாங்கித் தரவேண்டும். ஜாவாவின் புர்வோகெர்த்தோ ஊர் மழைக்கு அந்த அரைவேக்காட்டுச் சோயாத் தெம்பே வறுவலைவிட நல்ல துணை கிடையாது என்பதால், யார் வாய் தவறும் என்று எல்லாருமே காத்திருப்பார்கள். சட்டம் போட்டது புள்ளியியல் ஆசிரியை ஹெஸ்தி, பிள்ளைகளுக்கெல்லாம் ‘இபு’, அதாவது அம்மா. தொடக்கப் பள்ளியிலிருந்து ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்று கேட்டுக் கேட்டே பிள்ளைகளைப் புத்தகத்தைக் கண்டால் ஓட வைத்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி. இங்கே மதிப்பெண் இல்லை, குறிப்பெடுப்பது இல்லை. இருப்பது ஒரு பிரதி. புதன்கிழமை மாலை ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அடுத்த வாரம் யார் முறையோ அவர் புத்தகத்தை அறைக்கு எடுத்துப் போகலாம், ஆனால் முன்கூட்டிப் படித்துவிடக் கூடாது.

செப்தி முதல் தடவை அங்கே ஒதுங்கியது மழைக்குத்தான். செப்டம்பரில் பிறந்தவள் என்பதற்காக அந்தப் பெயர். வீட்டில் அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. கால்நடைப் படிப்பில் மூன்றாம் வருடம். பாடப் புத்தகம் தவிர வேறொன்றைக் கடைசிவரை படித்ததில்லை. அன்றைக்கு மழை விட்ட பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. கதையில் படகுத்துறையில் சீட்டு விற்கும் தர்சி என்றொருத்தி, ஊரையே அக்கரைக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் ஒருநாளும் படகேறாதவள், செப்திக்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கோழிக்குஞ்சுகளை எடைபோடும்போதும் தர்சி கூடவே வந்தாள். இப்படி ஒரு சுகம் இருப்பதை இத்தனை நாள் யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

இன்றைய அத்தியாயத்தில்தான் வந்தது வினை. அக்கரைக்குப் பிழைக்கப் போன தர்சியின் புருஷன், இந்த வாரப் படகில் வந்தால் வா, இல்லாவிட்டால் வரவே வேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டான். இக்கரையில் கண் தெரியாத மாமனார். தோரோ படித்து முடித்ததும் செப்தி தன்னை மறந்து கேட்டுவிட்டாள். அவள் கேட்டது தர்சிக்காக மட்டுமல்ல. அது அங்கே யாருக்கும் தெரியாது. அவளும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள், வண்டிக்காரரிடம் போய் வாங்கியும் வந்தாள்.

“கடைசி அத்தியாயம் உனக்குத்தாம்மா,” என்று ஹெஸ்தி புத்தகத்தை அவளிடம் நீட்டினார். “திருட்டுத்தனமாப் படிச்சிடாதே.”

“இவளா இபு? இவ பரீட்சைப் புத்தகத்தையே முன்கூட்டிப் படிக்கமாட்டா,” என்றான் தோரோ.

செப்தியின் அம்மா தைவானில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். செப்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது போனவள். நடுவில் இரண்டு முறை விடுப்பில் வந்ததோடு சரி. மூதாட்டியைத் தூக்கித் தூக்கி இப்போது முதுகு போய்விட்டது. ஊர் திரும்பப் போகிறாள். திரும்பினால் சம்பாதிக்க ஆள் இல்லை. அப்பா இல்லை. தம்பி நடுநிலைப் பள்ளியில், சித்தி வீட்டில். அந்தத் தைவான் வீட்டுக்காரர்களோ, புதிதாக யாரையோ எடுப்பதைவிட உன் மகளையே அனுப்பு என்கிறார்கள். ஏஜென்ட் அடுத்த வார வியாழக்கிழமை பதில் கேட்டிருந்தார். போனால் படிப்பு அவ்வளவுதான்.

அந்தி மக்ரிப் தொழுகை முடிந்த நேரத்தில் அம்மா கூப்பிட்டாள். மூதாட்டி கண்ணயரும் சமயங்களில் பேசிப் பேசி அம்மாவின் குரலே ரகசியமாகிப் போயிருந்தது. இன்னமும் சின்னக் குழந்தையைக் கூப்பிடுவதுபோல ‘நோக்’ என்றுதான் கூப்பிடுவாள்.

“நோக், சாப்பிட்டியா?”

“ஆச்சும்மா. முதுகு எப்படி இருக்கு?”

“பெல்ட்டு கட்டியிருக்கேன். ஏஜென்ட் பேசினாரா?”

“அடுத்த வியாழக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். நீ என்னம்மா சொல்ற?”

“நான் என்னத்தச் சொல்ல. போன்னு சொன்னா புள்ள படிப்பக் கெடுத்தவ. போகாதேன்னா தம்பிக்கு யாரு? உன் இஷ்டம் நோக். வளந்த பொண்ணு நீ.” கொஞ்சம் நிறுத்தி, “நல்ல வீடுதான். உன் போட்டோவ அந்தம்மாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தாங்க,” என்றாள்.

சித்தியிடம் கேட்டதற்கு, படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா என்று முடித்துக்கொண்டாள். அறைத்தோழி இஃபாவும் அந்த வாசிப்பு வட்டத்தில் ஒருத்திதான். யாரோ தோழிக்கு வந்த சிக்கல் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தபோது, “மனசு சொல்றதச் செய்யச் சொல்லுடீ,” என்றாள். மனசு ஒன்றும் சொல்லவில்லை. பூட்டின கடை மாதிரி கிடந்தது. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், “போகாதேடி, நாங்க பாத்துக்கறோம்,” என்று அதட்டினால்கூடப் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அல்லது “போய்த் தொலை” என்றாவது.

அன்றே அவள் முன்கூட்டிப் படிக்கக்கூடாது என்ற இரண்டாவது சட்டத்தையும் மீறினாள். இஃபா குளிக்கப் போன சமயத்தில் கட்டிலில் குப்புறப் படுத்துக் கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். தர்சி விடியலில் எழுந்தாள், மாமனாருக்குக் கஞ்சி வைத்தாள், துறைக்கு நடந்தாள். ‘படகுக்காரன் கயிற்றை அவிழ்த்தான். தர்சி இன்னும் படகேறும் பலகையின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.’ அவ்வளவுதான். பக்கத்தின் கீழ்ப்பாதி காலி. அதற்குப் பின்னால் தைப்புக்காக விட்ட வெற்றுத்தாள்கள் சில. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தாள். எழுதினவரும் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறார். தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு அவள் அழுதது தர்சிக்காகவா, ஆத்திரத்திலா என்று அவளுக்கே விளங்கவில்லை.

அடுத்த புதன்கிழமை எல்லாரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். தோரோ செய்முறை வகுப்புக்கு மட்டம் போட்டிருந்தான். “தர்சி போகலேன்னா நான் இந்த வட்டத்த விட்டே விலகறேன்,” என்று அறிவித்தான். “போனா நான் விலகறேன். அந்தக் கெழவருக்கு யாரு கஞ்சி வைப்பா? நீ வைப்பியா?” என்று இஃபா சீறினாள். தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஹெஸ்தி வழக்கம்போலத் தூணில் சாய்ந்து, படிப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

செப்தி நன்றாகப் படித்தாள். அடுத்து வருவது தெரிந்திருந்ததால் எந்த இடத்திலும் தடுமாறவில்லை. கஞ்சி வைக்கும் இடத்தில் இஃபா மூக்கை உறிஞ்சினாள். கயிறு அவிழ்ந்தது. பலகையின் மேல் தர்சி நின்றாள். செப்தி நிறுத்தினாள். இதுதான் முடிவு என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட வேண்டும். சொல்ல வாய் வரவில்லை.

“அப்புறம்? எச்சி முழுங்கினது போதும், படி செப்,” என்றான் தோரோ.

அவள் பக்கத்தின் காலிப் பாதியைப் பார்த்தாள். தர்சியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம், ஒரே வரியில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். வாயில் வந்தது வேறு. “பலகை ஆடியது. தர்சி ஏறிவிட்டாள்.”

“அப்படிப் போடு!” என்று தோரோ தொடையில் தட்டினான். இஃபா அவன் வாயைப் பொத்தினாள்.

செப்தியின் விரல் அந்த வெற்றிடத்தில் இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது. படகில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று படித்தாள். கோழிக்கூடையோடு ஒருத்தி, தூங்கும் குழந்தையோடு ஒருவன். தன் குரல் இவ்வளவு நிதானமாக இருப்பது அவளுக்குப் பயமாக இருந்தது. பக்கத்தில் ஹெஸ்தி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு புத்தகத்தின் பக்கம் குனிந்தார். பிறகு அசையவில்லை. பார்த்துவிட்டார். செப்திக்குக் காது சூடானது. ஆனால் நிறுத்த முடியவில்லை. இப்போது நிறுத்தினால் தர்சி நடுவில் நிற்பாள்.

“படகு ஒரு முழம் நகர்ந்தது. இன்னமும் ஒரு தாவு தாவினால் கரைக்குப் போய்விடலாம். கரையில் நின்றவர்களைத் தர்சி ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாராவது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். அவள் குதித்துவிடுவாள்.”

இந்த இடத்தில் செப்தி தலையை நிமிர்த்தினாள். தோரோ வாயைப் பிளந்துகொண்டு இருந்தான். இஃபா முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள், கண்கள் எங்கோ துறையில் இருந்தன. இத்தனை மாதமாக இதே இடத்தில் தான் அனுபவித்த அந்தச் சுகம் அத்தனை முகங்களிலும் இருந்தது. அவள் ஒருவர் முகத்திலிருந்து அடுத்தவர் முகத்துக்குப் போனாள். ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசியாக ஹெஸ்தியைப் பார்த்தாள். அவருக்கு மட்டும்தான் தெரியும், எழுத்து எங்கே நின்றது என்று. ‘இபு, நீங்களாவது,’ என்று கேட்பதுபோலப் பார்த்தாள்.

ஹெஸ்தியின் உதடு லேசாக அசைந்தது. பிறகு, மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடாதபடி, பக்கத்தில் இருப்பவர் செய்யும் சின்ன உதவிபோலக் கையை நீட்டித் தாளைப் புரட்டிக் கொடுத்தார்.

அந்தப் பக்கமும் வெள்ளையாக இருந்தது. செப்தி அதன் முதல் வரி இருக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்தாள்.